வெளித்தாழ்ப்பாள்

லேப் அக்கா இருக்கும் இடத்தில் எந்தக் கதவும் சாத்தாது. மாடிப் பகுதிக்கு அவள் குடிவந்த அன்றைக்கே இது தெரிந்துவிட்டது. வாசல் கதவு, படுக்கையறைக் கதவு, குளியலறைக் கதவு, பீரோ, சமையல் மேடைக்கு அடியில் இருந்த சின்ன அலமாரி என்று எல்லாமே பாதி திறந்து நின்றுகொண்டன. தள்ளினால் வரும், கையை எடுத்ததும் அவசரமே இல்லாமல் பழைய இடத்துக்குப் போய்விடும். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா முதலில் மரத்தைச் சந்தேகப்பட்டுத் தச்சரைக் கூப்பிட்டார். மழைக்கு மரம் ஊதியிருக்கிறது என்று தச்சர் இழைத்தார். மறுவாரம் வந்து மறுபடியும் இழைத்தார். கடைசியில் வாசல் கதவு வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெலிந்துபோனதும், இது தன் வேலை இல்லை என்று உளியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

காரணத்தை அவளே சொன்னாள். மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது வீட்டுக்காரம்மா சும்மா கேட்டுவைக்க, பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். விவாகரத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு மருந்துக்கடைக்காரனுக்கு அவள் மனைவியாக இருந்தவள். அவன் அவளை ஒருநாளும் அடித்ததில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. காலையில் கடைக்குக் கிளம்பும்போது அவளை அறைக்குள் விட்டு வெளித்தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போவான். இரவு வந்து திறப்பான். உன் நல்லதுக்குத்தான் என்பான். மத்தியானம் தூக்கம் வருவதற்கு மாத்திரையும் வைத்துவிட்டுப் போவான், தண்ணீரோடு. இப்படிச் சில வருஷங்கள் போயின. ஒரு மத்தியானம் மாத்திரையைப் போடாமல் உட்கார்ந்திருந்தபோது, வெளியே தாழ்ப்பாளின் திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டு விழுந்தது. பிறகு கதவு திறந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து தன் பக்கத்தில் எந்தக் கதவும் சாத்துவதில்லை என்றாள். அப்படியென்றால் மரத்தின் மேல் தப்பில்லை என்று சொல்லி, வீட்டுக்காரம்மா குளியலறைக்குத் தடித்த துணியில் ஒரு திரை தைத்துக் கொடுத்தார்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை. மென்மையான கை, குழந்தைகள் அழலாமா என்று யோசிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பாள். அதனால்தான் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. ரத்தக் குப்பிகள் வைக்கும் குளிர்பெட்டி மட்டும் அவள் வராத வேறு அறைக்கு மாற்றப்பட்டது. அவள் ஏறிய பஸ் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டே ஓடியது, டிரைவர்கள் பழகிக்கொண்டார்கள். வங்கி மேனேஜர் அவள் வீடு தேடி வந்து, கணக்கு வேண்டுமானால் தொடர்ந்து வைத்திருக்கலாம், நேரில் மட்டும் தயவுசெய்து வரவேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். திறந்தே கிடந்த அந்த வீட்டில் ஒரு கரண்டிகூடக் களவு போகவில்லை. இப்படி அழைக்கிற வீட்டில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று திருடர்களே ஒதுங்கியிருக்க வேண்டும்.

தெருவுக்கு இதில் லாபம்தான். சாவியைத் தொலைத்தவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட குழந்தைக்காக, பூட்டிய காருக்குள் சாவியை வைத்துவிட்ட டாக்டருக்காக, கல்யாணப் புடவையை உள்ளே வைத்து இறுகிப்போன பீரோவுக்காகப் போய் நின்றாள். நின்றால் போதும். நஷ்டம் ஒருவருக்கு மட்டும்தான். தெருமுனையில் பீரோ அகலத்துக்கு ஒரு கடை வைத்திருந்த பூட்டுக்காரர், நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாதவர், தன் தொழிலில் மண் விழுவதைக் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு சாயங்காலம் கடையிலேயே உசத்தியான ஏழு லீவர் பூட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மாடியேறினார். ஒரு தெருவுக்கு ஒரு பூட்டுக்காரன் போதும் என்று வாசலில் நின்று சொல்லிமுடிப்பதற்குள், அந்தப் பூட்டு அவர் கையிலேயே டக்கென்று வாயைத் திறந்தது.

அவருக்குக் கோபம் போய் அவமானம் வந்தது. மாடிப்படியின் மேல்படியில் அப்படியே உட்கார்ந்து, எந்த லீவர் துரோகம் செய்தது என்று பார்க்கப் பூட்டைப் பிரித்தார். பூட்டு என்ற சொல்லைக் கேட்டாலே உள்ளங்கை வேர்க்கும் லேப் அக்கா, நான்கடி தள்ளி நின்று எட்டிப் பார்த்தாள். பித்தளைத் தகடுகள், நகக்கண் அளவு ஸ்பிரிங்குகள், ஒரு சின்ன நாக்கு. இதெல்லாம் என்ன என்று கேட்டாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எல்லாவற்றையும் பார்த்துமுடித்து, "இவ்ளோதானா?" என்று கேட்டாள். தொழிலில் இறங்கிய நாளிலிருந்து அவரை யாரும் இப்படி மட்டம் தட்டியதில்லை. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் இன்னொரு பூட்டோடு வந்தார். அதற்கு மறுநாள் வேறொன்று. மூன்று மாதத்தில் கடையில் இருந்த அத்தனை பூட்டுகளும் அந்த மேல்படியில் குடலைக் காட்டிவிட்டன. இரண்டு பேருக்கும் தெரிவதற்கு முன்பே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

பெண் கேட்க வந்தது பூட்டுக்காரரின் அண்ணி. சுற்றிவளைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "எங்க கொழுந்தனாருக்குக் கதவைப் பூட்டலன்னா தூக்கம் வராது. யோசிச்சுக்கோம்மா" என்றார்.

"எனக்குப் பூட்டினா மூச்சு வராது. அவரையும் யோசிச்சுக்கச் சொல்லுங்க" என்றாள் லேப் அக்கா.

பூட்டுக்காரர் யோசிக்கவில்லை. திருப்புளியோடு வந்து, அந்த மாடியில் இருந்த வெளித்தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றி, ஓட்டைகளில் மக்கு அடைத்து, அதன் மேல் பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். அவளுக்கு அவர் போட்ட நகை அதுதான். பதிவு அலுவலகத்தில் கதவும் ஜன்னலும் திறந்து கிடக்க, காற்றில் பறந்த காகிதங்களைச் சாட்சிகள் பிடித்துக்கொண்டிருக்க, கல்யாணம் நடந்தது.

ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர்கள்தான், நிம்மதிதான் வந்தபாடில்லை. பூட்டுக்காரர் கதவுப் பக்கமாகப் படுத்துக்கொண்டு புரண்டார். திறந்த வாசல் வழியாகத் தெருவே உள்ளே வந்து படுத்திருப்பதுபோல இருந்தது அவருக்கு. சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் அவள் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுவாள் என்று தெரிந்தபின், மாடியேறுமுன் சாவிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டார். அவர் வரத் தாமதமானால் அவள் படியில் வந்து உட்கார்ந்தாள். வந்தால், ஏன் இவ்வளவு மெதுவாக ஏறிவந்தீர்கள் என்று வெளிறிய முகத்தோடு கேட்டாள். சில சமயம் அவர் பிரியமாக ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் எங்கோ போய்விடும். இப்போது பேசியது உங்கள் குரல் இல்லை, அவன் குரல் என்பாள். மருந்துக்கடைக்காரன் மெல்லப் பேசுகிறவன் அல்லவா, அதனால் பூட்டுக்காரர் அன்பாகப் பேச வேண்டியதையெல்லாம் சத்தமாகப் பேசப் பழகினார். சாப்பிட்டாயா, தலைவலி போய்விட்டதா, இந்தப் புடவை உனக்கு நன்றாக இருக்கிறது என்றெல்லாம் அவர் கத்துவது தெருமுனைவரை கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்த வீட்டில் தினமும் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வருஷம் கதவுகள் அசையத் தொடங்கின. இதை முதலில் கவனித்தவர் பூட்டுக்காரர். தொழில் கண் அல்லவா. ஒரு ஆள் தாராளமாக நுழையும்படி நின்றிருந்த படுக்கையறைக் கதவு, அவள் நன்றாகத் தூங்கும் நேரங்களில் கொஞ்சம் உள்ளே வந்தது. மழைக்காலம் முடிந்தபோது பூனை மட்டும் நுழையலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. அடுத்த கோடையில் ஒரு விரல். அவள் எழுந்தால் மறுபடி அகலும். ஆனால் முன்பு இருந்த அளவுக்கு அகலாது. அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வாயைத் திறந்தால் கெட்டுவிடும் என்று பயம். தனியாகக் கடையில் உட்கார்ந்து அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடைக்காரன் வந்து சேர்ந்தான். கதவு சாத்தாத பெண்ணைப் பற்றிய பேச்சு ஊர் ஊராகப் போய் அவன் காதிலும் விழுந்திருக்கிறது. சலவைச் சட்டை, வகிடெடுத்த தலை, பளபளக்கும் செருப்பு. வீட்டுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் காலையில் வந்து நிற்பான். எந்த பஸ்ஸிலும் ஏறமாட்டான். பொழுது சாய்ந்தால் போய்விடுவான். வயதானவர்களுக்கு இடம் விட்டு எழுந்துகொள்வான். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் தெருமுனைக்கு நடந்து வந்து, கடைப் பலகை மேல் ஒரு கனத்த பூட்டை வைத்தான்.

"இதுக்கு ஒரு சாவி செஞ்சு குடுங்க. ரூம் கதவுக்கு, வெளிப்பக்கம் போடறது."

பூட்டுக்காரருக்கு ஆள் யார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. பூட்டைத் தள்ளிவிட்டு, போய்யா என்றார். அவன் கோபப்படவில்லை. "அவ கதவைத் திறந்துபோட்டுத் தூங்குறான்னு கேள்விப்பட்டதிலேர்ந்து எனக்கு மனசே ஆறல. யார் வேணா உள்ள வரலாமே. நீங்களாவது பாத்துக்கக் கூடாதா?" என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. பூட்டை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி பஸ் நிறுத்தத்துக்கே போனான்.

அந்த ஆள் நடிக்கவில்லை என்பதுதான் பூட்டுக்காரரைக் கலக்கிவிட்டது. அவன் சொன்ன கவலை அவருடைய கவலையாகவும் இருந்தது. படுக்கையில் புரளும்போதெல்லாம் அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார். இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் விரற்கடை அளவுக்கு வந்த கதவு பழையபடி அகன்றுவிடும் என்று கணக்குப் போட்டார். காவல் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் நிற்பது குற்றமில்லை, பஸ் நிறுத்தமே நிற்பதற்குத்தான் என்றார்கள். பகலில் நாலைந்து தடவை கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தார். ஏன் வந்தீர்கள் என்று அவள் கேட்டால் உளி எடுக்க, துண்டு எடுக்க என்று ஏதாவது சொன்னார். அவள் சரி என்பாள். முகம் கொடுத்துப் பேசுவது குறைந்தது. இரண்டு பேரும் சாப்பிடும்போது ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஜன்னலைப் பார்த்தார்கள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் வீட்டுக்காரம்மா கடைக்குப் போன் செய்தார். அந்த ஆள் முதல் தடவையாகச் சாலையைக் கடந்து வந்து வீட்டு இரும்புக் கேட்டருகில் நிற்கிறான் என்றார். பூட்டுக்காரர் பின்சந்து வழியாக ஓடி மாடியேறினார். லேப் அக்கா, வெளிப்படியைப் பார்த்துக் கதவு வைத்த படுக்கையறையில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பியிருக்கலாம். சொல்லியிருக்கலாம். கீழே போய் அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் பயம் வந்தால் மனுஷன் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்வான். கை தானாகக் கருவிப் பைக்குள் போனது. மக்கு அடைத்து மறைத்த பழைய ஓட்டைகளின் மேலேயே ஒரு புதுத் தாழ்ப்பாளை வைத்து, தூங்குகிறவளுக்குக் கேட்காதபடி மெல்லத் திருகாணிகளை ஏற்றி, கதவை இழுத்து, தாழ்ப்பாளைத் தள்ளி, ஏழு லீவர் பூட்டைப் போட்டார். எந்தப் பூட்டைப் போட்டாலும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பது தொழில் பழக்கம். அப்போதும் இழுத்துப் பார்த்தார். அந்தச் சத்தம் தெருவரை கேட்டது.

பிறகு கீழே இறங்கிப் போனார். அடிப்பது என்ற முடிவோடுதான் போனார். மருந்துக்கடைக்காரன் கேட்டருகில் தலையைச் சாய்த்து, பாட்டு கேட்பவன்போல நின்றிருந்தான். அவரைப் பார்த்ததும் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"பூட்டிட்டீங்க. நல்லது. எத்தனையோ வருஷமா எனக்குச் சரியான தூக்கமே இல்ல. இனிமே தூங்குவேன். நீங்க இருக்கீங்க, எனக்கென்ன கவலை" என்றான்.

சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போய், வந்த முதல் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அவருக்குக் கையசைத்தான். பஸ் போன பிறகும் பூட்டுக்காரர் அசையவில்லை. அவர் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. அவன் பிடித்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அவள் உள்ளே இருக்கும்போதே அந்தக் கதவு முழுசாகச் சாத்தியிருக்கிறது.

ஓடிப்போய்ச் சாவியைப் போட்டார். சாவி சுற்றியது, பூட்டு திறக்கவில்லை. அவரே செய்த சாவி, அவரே நூறு தடவை பிரித்துக் கோத்த பூட்டு. கம்பியை விட்டுப் பார்த்தார். திருகாணிகளைக் கழற்றலாம் என்று திருப்புளியை வைத்தால், சற்றுமுன் அவர் கையால் ஏற்றிய திருகாணிகளின் தலையில் பள்ளமே இல்லாமல் வழவழவென்று இருந்தது. ரம்பத்தின் பல் உடைந்தது. இந்தத் தெருவில் அவருக்குத் திறக்காத பூட்டு என்று அன்றைக்குத்தான் ஒன்று வந்தது. வேர்வையும் கண்ணீருமாக அவர் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பூட்டுக்காரரே."

"இருக்கேன்."

"வெளியில தாழ்ப்பாள் போட்டிருக்கா?"

"ஆமா."

"யாரு போட்டது?"

"நான்தான்."

அவர் காரணம் சொல்ல வாயைத் திறந்தார். "உன்..." என்று தொடங்கினார். அடுத்து வரவேண்டிய சொல் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. வேறு வாக்கியம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். தான் செய்த வேலைக்கு மருந்துக்கடைக்காரனின் அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதைச் சொல்லாமல், அந்த ஆள் வந்திருந்தான் என்று மட்டும் சொன்னார்.

"தெரியும். வந்து நின்ன அன்னிக்கே பாத்துட்டேன். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள். பிறகு, "இப்ப எங்க?" என்று கேட்டாள்.

"போயிட்டான். இனிமே நிம்மதியாத் தூங்குவானாம்."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். அவரும் கதவுக்கு இந்தப் பக்கம் அழுதார். வெயில் இறங்கி, தெருவில் பிள்ளைகள் விளையாட வந்துவிட்டார்கள். கடைசியில் அவள், தள்ளி நில்லுங்க என்றாள். அவர் கதவை விட்டு நகர்ந்தார். கதவிலிருந்து மட்டும் இல்லை, சுவரிலிருந்தும் தள்ளி நிற்கச் சொன்னாள். அவர் படிவரை போய் நின்றதும், கதவுக்கு இடப்பக்கம் இருந்த சுவர் வழியாக லேப் அக்கா வெளியே வந்தாள். செங்கல் உடையவில்லை, காரை உதிரவில்லை. அவள் உயரத்துக்கும் தோளில் மாட்டியிருந்த பையின் அகலத்துக்கும் சரியாகச் சுவர் வழிவிட்டது. வந்த பிறகு மூடிக்கொள்ளவும் இல்லை. சத்தம் கேட்டு ஏறிவந்த வீட்டுக்காரம்மா, இதன் வழியாகச் சாரல் அடிக்குமா என்று கவலையோடு பார்த்தார்.

லேப் அக்கா அவர் அருகில் வந்து நின்றாள். "கதவு சாத்துச்சே, பாத்தீங்களா? உங்களை நம்பித்தான் சாத்துச்சு" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அவர் வழியை மறிக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் தரைத்தளத்தில் அவள் இப்போது குடியிருக்கிறாள். அங்கே எல்லாக் கதவுகளும் மற்ற வீடுகளில் சாத்துவதுபோலவே சாத்துகின்றன. சுவர்கள் விலகிக்கொள்ளும் என்று தெரிந்துவிட்ட பெண்ணுக்காகக் கதவுகள் எதற்குக் கால்கடுக்கத் திறந்து நிற்க வேண்டும்? கடையில் ஒரு சாதாரணத் தாழ்ப்பாள் வாங்கி, வாசல் கதவின் உட்புறத்தில் அவளே கோணலாகத் திருகிவைத்தாள். சாயங்காலம் வந்ததும் அதைப் போட்டுக்கொள்வாள். பஸ்ஸில் கதவு மூடுகிறது. வங்கிக்குப் போய் லாக்கர்கூட எடுத்துவிட்டாள். சாவியைத் தொலைத்தவர்கள் பழையபடி பூட்டுக்காரரிடம் போகிறார்கள்.

மருந்துக்கடைக்காரன் இன்னொரு தடவை வந்தான். அவள் சுவர் வழியாக வந்ததைக் கேள்விப்பட்டு, எந்தச் சுவர் என்று வீட்டுக்காரம்மாவிடம் மரியாதையாகக் கேட்டு, அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தான். கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்திருந்தது. சுவருக்குப் போடும் தாழ்ப்பாள் எந்தக் கடையிலும் கிடையாது. போனவன் பிறகு வரவில்லை. மாடியில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. பூட்டிய கதவு பூட்டியபடியே நிற்கிறது. அதன் பூட்டில் குடையை மாட்டிவிட்டு, பக்கத்துச் சுவர் வழியாகப் போய்வருகிறார்கள். சாரல் அவ்வளவாக அடிப்பதில்லை.

பூட்டுக்காரர் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். கடையைச் சாத்தியதும் கைகால் கழுவி, சட்டை மாற்றி, இரண்டு தெரு நடந்து போய் அவள் வாசலில் நிற்பார். சாவிக்கொத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவார். அவள் அவருக்குச் சாவி கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்தக் கோணல் தாழ்ப்பாளைத் கொண்டை ஊசியாலேயே நெம்பிவிடலாம் என்று பார்த்தமாத்திரத்தில் அவருக்குத் தெரியும். இது அண்ணிக்குப் பொறுக்கவில்லை. ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவருக்குக் கட்டின பெண்டாட்டி வீட்டுக் கதவைத் திறக்கத் தெரியாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டார். தெரியும் அண்ணி என்றார் அவர். விரலை மடக்கி இரண்டு தடவை தட்டுவார். ஓர் எட்டுப் பின்னால் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். சில நாள் உள்ளேயிருந்து, "இன்னிக்கு வேணாம்" என்பாள். சரி என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார். சில நாள் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கும். நேற்று திறந்தாள்.